யூதாஸின் மஞ்சப்பை

சித்தூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. பெயரைச் சொன்னால் முதல்வர் கோபித்துக்கொள்வார், வேண்டாம். அங்கே நுண்கலையில் முதுகலைப் படிப்பு உண்டு, எம்.எஃப்.ஏ. சொந்தக்காரர்கள் யாராவது அதை எம்.சி.ஏ. என்று எடுத்துக்கொண்டால் திருத்தக்கூடாது என்பது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குள் எழுதாத சட்டம்.

வைஜயந்தி அந்தச் சட்டத்தை இரண்டு வருடமாக ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தவள். வீடு திருப்பதியில். அப்பா சம்பத்குமார் அங்கே ஊருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் தினமும் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். "மிஷன் காலேஜ்னா டிசிப்ளின் இருக்கும்" என்று சொல்லித்தான் மகளைச் சேர்த்துவிட்டார். ஹாஸ்டல் சமையலறையில் வாரத்தில் எத்தனை நாள் மீன் வறுக்கிறார்கள் என்பதை அவரும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. சில நல்ல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

கடைசி வருடத்தில் ஆளுக்கு ஐந்து ஓவியம் வைக்க வேண்டும். அதில் ஒன்று வேதாகமக் காட்சியாக இருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் பழைய விதி. வகுப்பில் இருந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இதில் நல்ல அனுபவம். ஞாயிறு பள்ளியிலிருந்து தப்பித்து வந்தவர்கள் ஆயிற்றே! மோனிகா என்ற பெண் காலிப் படகு ஒன்றை வரைந்து "சீடர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்" என்றாள். இன்னொருவன் கேன்வாஸ் முழுக்க மஞ்சளை ரோலரால் தேய்த்துவிட்டு அதுதான் வனாந்தரம் என்றான். பதின்மூன்று பேரை உட்காரவைத்துக் கடைசி இராப்போஜனம் வரைகிறேன் என்று கிளம்பியது ஐயங்கார் வீட்டுப் பெண் ஒருத்திதான்.

அவளுக்கும் காரணம் இருந்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் பார்த்த அளவுக்கு அந்த வகுப்பில் வேறு யாரும் பார்த்ததில்லை. கோயிலில் உற்சவம் முடிந்து கோஷ்டிக்குச் சாப்பாடு போடும்போது, யார் எப்படிச் சப்பணம் போடுவார், யார் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பார், யார் பாயசம் வருகிறதா என்று கழுத்தை நீட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனவே சீடர்கள் மேசையை விட்டுத் தரையில் இறங்கினார்கள். வாழை இலை வந்தது. முகங்களுக்குக் கோஷ்டி மாமாக்களின் படங்கள் அவள் கைபேசியில் நிறைய இருந்தன. நெற்றியில் இருந்த திருமண்ணை மட்டும் எடுத்துவிட்டால் போதும், பதினொரு பேரும் அப்படியே அப்போஸ்தலர்கள். வேதாகமத்தில் அப்பம் என்று எழுதியிருந்ததால் கோயிலில் நெய்யில் பொரிக்கிற அப்பத்தையே இலையில் வைத்தாள். கல்லூரி போதகர் ரெவரெண்ட் பிரபாகர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, "பரவால்லம்மா, ருசியா இருக்கும்" என்றார்.

இயேசுவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் வகுப்பிலேயே தாடி வைத்திருந்த ஒரே ஆள் தமிழ்வேந்தன் என்பதால் அவனை உட்காரவைத்தாள். அவன் நகரி ஊர்க்காரன், வீட்டில் பவர்லூம் தறி. வலது கையில் அப்பத்தைப் பிடித்து நீட்டியபடி இருக்கவேண்டும் என்று அவள் சொல்ல, அவன் மூன்று முறை அப்பத்தைத் தின்றுவிட்டான்.

"இன்னா பண்றது, கைல வெச்சிக்கினு சும்மா இரு சும்மா இருன்னா?" என்றான். "பசிக்குது இல்ல?"

மிச்சம் இருந்தது யூதாஸ். அவன் மட்டும் வரிசையில் உட்கார்ந்தும் வரிசையோடு சேராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியில் பணப்பையை அமுக்கிக்கொண்டு இருப்பவன். கைபேசிப் படத்தைப் பார்த்து வரைகிற முகம் இல்லை அது. உயிரோடு ஒரு ஆள் எதிரே உட்கார வேண்டும், மணிக்கணக்கில், சம்பளம் கேட்காமல். அப்படி ஒரு ஆள்தான் அவளுக்கு உலகத்தில் இருந்தார்.

"நானா?" என்று சம்பத்குமார் துண்டைச் சரிசெய்துகொண்டார். "யாருடி அது, பெரிய மனுஷரா?"

"அவா கோஷ்டிக்குப் பொக்கிஷமே அவர் கையிலதாம்ப்பா" என்றாள் வைஜயந்தி. இது பொய் இல்லை. யூதாஸிடம்தான் பணப்பை இருந்தது. மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான்.

"வரிசையில எத்தனாவது?"

"நடுவில இருக்கறவருக்கு இடது பக்கம் ரெண்டாவது."

"விஜயராகவன் எங்க உட்காந்திருக்கான்?"

"அவரை இன்னும் வரையலைப்பா" என்றாள். இது பொய்.

இந்த விஜயராகவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரும் அதே கோஷ்டி, வேறு குடும்பம், வேறு கோத்திரம். சேவித்து முடிந்ததும் அர்ச்சகர் வெள்ளி வட்டிலோடு வந்து ஒவ்வொருவர் கையிலும் உத்தரணி என்ற சின்னக் கரண்டியால் மூன்று முறை தீர்த்தம் விடுவார். முதல் தீர்த்தம் யார் கையில் விழ வேண்டும் என்பதில் இந்த இரண்டு குடும்பத்துக்கும் தாத்தா காலத்திலிருந்து சண்டை. கோர்ட்டுக்குப் போய் வந்து, கடைசியில் ஒரு வக்கீல் சமாதானம் செய்துவைத்தார். ஒற்றைப்படைத் தேதிகளில் விஜயராகவனுக்கு முதல் தீர்த்தம், இரட்டைப்படைத் தேதிகளில் சம்பத்குமாருக்கு. அந்த வக்கீல் காலண்டரைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி வரும் மாதங்களில் மறுநாள் ஒன்றாம் தேதி. இரண்டும் ஒற்றை. இரண்டு நாளும் தீர்த்தம் விஜயராகவனுக்கே முதலில். அந்த நாட்களில் சம்பத்குமார் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பாசுரத்தையே அவர் யாரையோ திட்டுவது போலச் சேவிப்பார்.

அவள் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பணப்பைக்குப் பதில், கோயில் பிரசாதம் வாங்கிவரும் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரமும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது. துரோகத்துக்கு அது ஆகாது. வைஜயந்தி அந்த இரண்டு வாரத்து வேலையையும் சுரண்டிப் போட்டாள்.

மூன்றாவது வாரம் எதுவோ ஆகியிருந்தது. அப்பா வந்து உட்கார்ந்தார், அந்தப் பக்கம் திரும்பினார். அவள் சொல்லாமலே திரும்பினார். கண் ஜன்னலைப் பார்த்தது, காலண்டரைப் பார்த்தது, விசிறியைப் பார்த்தது, அவளை மட்டும் பார்க்கவில்லை. விரல்கள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தன. தாடையில் என்னவோ ஒன்று இறுகி, உடனே தளர்ந்து, மறுபடி இறுகியது. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று வைஜயந்தி நினைத்தாள். நினைத்துக்கொண்டே, மூச்சைப் பிடித்தபடி, ஒரே மதியத்தில் அந்த முகத்தை வரைந்து முடித்தாள். தன் வாழ்நாளில் இதுவரை வரைந்ததிலேயே நல்ல முகம் இதுதான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதே வாரம் வேறு இரண்டு அதிசயங்களும் நடந்தன. இதுவரை அவர்கள் வீட்டுப் படி மிதிக்காத விஜயராகவன் மாமா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனதாக அம்மா போனில் சொன்னாள். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய பிள்ளை பார்த்தா என்பவன், தினமும் காலையில் அவள் கைபேசிக்கு ஒரு ரோஜாப்பூப் படத்தை அனுப்ப ஆரம்பித்தான். பூவுக்குக் கீழே 'குட் மார்னிங்' என்று மினுமினுக்கும். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை எதற்காகத் தனக்குப் பூ அனுப்புகிறான் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. தேர்வு தலைக்கு மேல் இருந்தது.

தேர்வு சித்திரை வெயிலில் வந்தது. காலையில் வெளித்தேர்வாளர் வந்து ஓவியங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார், மதியத்துக்கு மேல் குடும்பத்தாருக்காகக் கூடத்தைத் திறந்துவிடுவார்கள். "நீ வரவேண்டாம்ப்பா, வெயில்" என்று வைஜயந்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா விடுவாரா? திருப்பதியில் பாதிப் பேரிடம் தான் இயேசுநாதர் கோஷ்டிக்குப் பொக்கிஷம் என்று சொல்லிவிட்டார். போதாததற்கு விஜயராகவன் மாமாவே தன் காரில் அழைத்து வருகிறாராம்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் அவள் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். அப்பா முகத்தை எடுத்துவிட்டு, யாரோ ஒரு பொது முகத்தை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தனக்காக வெயிலில் வருகிற மனிதரை, காட்டிக்கொடுத்தவனாகச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வரவேற்பது? அவளுக்கு அழுகை வந்தது.

"அதுல கத்தி வெச்சே, கைய ஒடச்சிருவேன்" என்று பின்னால் இருந்து தமிழ்வேந்தன் சொன்னான். "மத்த பன்னெண்டு பேரும் சோறு துன்ன வந்து உட்காந்துக்கினு கீறானுங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். உங்க நைனா ஒருத்தர்தான் அங்க நெஜமா எதுக்கோ உட்காந்திருக்காரு."

அவன் சொன்னது சரி என்பதுதான் சங்கடம். கத்தியை வைத்துவிட்டு, அவள் நேராகப் போதகரைப் பார்க்கப் போனாள். விஷயத்தைச் சொல்லி, தன் அப்பாவுக்கு முன்னால் யூதாஸ் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். ரெவரெண்ட் பிரபாகர் கையைத் தூக்கி, "சத்தியமா வாயைத் தெறக்க மாட்டேம்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் மூன்று பேர் சேர்ந்து நின்றால் அதைச் சபை என்று எடுத்துக்கொள்கிற மனிதர்.

காலையில் தேர்வு நன்றாகவே நடந்தது. ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த தேவசேனா மேடம் மற்ற நான்கு ஓவியங்களையும் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஐந்தாவதன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"இந்த ஆள் தான் செஞ்ச காரியத்தை நினைச்சிட்டே உட்கார்ந்திருக்கார். மாடல் யாரு?"

"எங்கப்பா மேடம்."

"நல்ல நடிகரா?"

"ஸ்கூல் நாடகத்துலயே அவருக்கு மரம் வேஷம்தான் குடுத்தாளாம் மேடம். அதுலயும் அசைஞ்சுட்டாராம்."

மேடம் சிரித்தார். வைஜயந்தி கூடத்தை விட்டு வெளியே போவதற்குள் மேடம் முதல் வகுப்பு போட்டுவிட்டார் என்று ஆபீஸ் பையன் மூலம் செய்தி கசிந்தது. வைஜயந்திக்கு ஒரு கவலை தீர்ந்தது. பெரிய கவலை வெள்ளைக் காரில் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

மதியம் மூன்று மணிக்கு வந்தார்கள். சம்பத்குமார் பட்டுக்கரை வேட்டி, பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று, கையில் அதே மஞ்சப்பை. விஜயராகவன் மாமா கையில் ஒரு வெள்ளித்தட்டு, தட்டில் பங்கனப்பள்ளி மாம்பழம், வெற்றிலை, பூ. ஓவியக் கண்காட்சிக்கு எதற்குத் தட்டு என்று வைஜயந்தி விழித்தாள். "பரீட்சை முடிஞ்சதுக்கு" என்று மாமா பல்லைக் காட்டினார்.

ஓவியத்தின் முன்னால் ஏற்கெனவே ரெவரெண்ட் நின்றுகொண்டிருந்தார். ஓரமாகத் தமிழ்வேந்தன் சமோசா தின்றுகொண்டு நின்றான். ஆள் கணக்குப் பார்த்தால் சபை கூடிவிட்டது.

"ரண்டி, ரண்டி, ஸ்வாமிகாரு!" என்று போதகர் தெலுங்கில் வரவேற்றுக் கையை விரித்தார். "உங்க கோஷ்டியே எங்க சுவத்துல உட்கார்ந்திருக்காங்க. வாங்க, ஒவ்வொருத்தரா சொல்றேன்."

"இலை நுனியெல்லாம் சரியான பக்கம் இருக்கு" என்று சம்பத்குமார் முதலில் பந்தியைச் சரிபார்த்துக்கொண்டார். "அப்பமும் நன்னா செவந்திருக்கு."

விஜயராகவனின் கண் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. "நான் இவருக்கு ஒட்டினாப்பல உட்காந்திருக்கேனே, இது யாரு?"

"யோவான் சார். இயேசுவுக்கு ரொம்ப ரொம்பப் பிரியமான சீடர். அவர் மார்பிலேயே சாஞ்சு உட்கார்ந்தவர்."

"கேட்டுக்கோ சம்பத்து. ஒட்டி உட்காந்திருக்கேன், அதுவும் வலது பக்கம். உனக்கும் அவருக்கும் நடுவுல ஒருத்தர் இருக்கார்."

சம்பத்குமார் மகளைப் பார்த்த பார்வையில் முப்பத்தொன்றாம் தேதி தெரிந்தது. வைஜயந்தி, விஜயராகவனின் மூக்கு அந்த இடத்துக்குப் பொருந்துகிறதென்று அவரை அங்கே வைத்தாள், இதை மரியாதை வரிசை என்று இவர்கள் படிப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் வளர்ந்தும்!

"ஒட்டி உட்காந்தா ஆச்சா?" என்றார் சம்பத்குமார். "பொக்கிஷம் என் கையிலன்னா இருக்கு?"

ரெவரெண்ட் வேகமாகப் பேதுருவைச் சொன்னார், அந்திரேயாவைச் சொன்னார், சம்பத்குமார் மீது கண்ணே படாத மாதிரி தாண்டி, ததேயுவுக்குப் போனார். வைஜயந்தி மூச்சு விட்டாள்.

"ஒருத்தரை விட்டுட்டேளே" என்றார் விஜயராகவன். "இவர் யாரு, சொல்லுங்கோ. ஊரெல்லாம் பீத்திண்டிருக்கார்."

போதகர் வைஜயந்தியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் வாயை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சம்பத்குமார் நேராக அவரைப் பார்த்து, "சொல்லுங்கோ சார், என் பேர் என்ன?" என்று குழந்தை மாதிரி கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டால் எந்தப் போதகரால் பொய் சொல்ல முடியும்?

"யூதாஸ் சார்" என்றார் ரெவரெண்ட், நொந்துபோய். "காட்டிக்கொடுத்தவர்."

"எதைக் காட்டிக்குடுத்தார்?"

"தன் குருவைத்தான் சார். தன்னை நம்பினவரை. முப்பது வெள்ளிக்காசுக்கு வித்துட்டார்."

வைஜயந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும், அவமானம் வரும் என்று நினைத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. சுவரில் இருந்த அந்த முகம் அப்படியே இறங்கி வந்து அவர் மீது உட்கார்ந்தது. அதே தாடை, அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிற அதே கண். விரல்கள் மஞ்சப்பையின் காதைத் திருக ஆரம்பித்தன. பக்கத்தில் விஜயராகவன் மாமா குனிந்து மாம்பழத்தை எண்ணுவது போல நின்றார்.

"உனக்கு யாருடி சொன்னா?" என்றார் சம்பத்குமார், மெதுவாக.

"எதைப்பா?"

"தெரிஞ்சுண்டுதானே எழுதி மாட்டியிருக்க. நேரா என்கிட்டக் கேட்டிருக்கலாம். இப்படி ஊர் பார்க்க… சரின்னு சொல்லிட்டேன், வாஸ்தவம். பார்த்தாவுக்கு உன்னைக் குடுக்கறேன்னு இவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். முதல் தீர்த்தத்தை இனிமே எல்லா நாளும் நமக்கே விட்டுக்குடுத்துடறேன்னான். உன்னைக் கேக்கணும்னு தோணித்து. கேட்டா நீ மாட்டேம்ப. அதான் கேக்கலை."

வைஜயந்திக்கு ரோஜாப்பூக்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. காபியும் வந்தது, வெள்ளித்தட்டும் வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்று இந்த மனிதருக்காக அழுதோமே என்பதுதான் எல்லாவற்றையும் விட எரிந்தது.

"அந்த ஆளுக்காவது முப்பது காசு கிடைச்சுதுப்பா" என்றாள். "நீ என்னை மூணு உத்தரணி தண்ணிக்குக் குடுத்திருக்க."

"தண்ணியா? தீர்த்தம்னு சொல்லு" என்று விஜயராகவன் மாமா பாய்ந்தார். "பெரியவா பேசி நல்ல காரியம் முடிக்கறதுக்கு இதெல்லாம் ஒரு பேச்சா? பார்த்தாவுக்கு என்ன குறைச்சல்? படம் வரையறதை அவன் வேண்டாம்னே சொல்லலை. லீவு நாள்ல வரைஞ்சுக்கட்டும்னு சொல்லிட்டான்."

தமிழ்வேந்தன் சமோசாவை மெல்லுவதை நிறுத்தினான். ரெவரெண்ட் பிரபாகருக்கு நடந்தது பாதிதான் புரிந்தது. ஆனால் தன் வாயால் ஒரு குடும்பம் கெட்டுப்போகிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது. எதையாவது சொல்லிச் சரிசெய்யவேண்டும் என்று தவித்தார்.

"சார், சார், ஒரு விஷயம் பாருங்க. அவர் இப்படிச் செய்யப் போறார்னு இயேசுவுக்குத் தெரியும். தெரிஞ்சும் பந்தியில உட்கார வெச்சார். தன் கையால அப்பத்தைத் தோய்ச்சு அவருக்குத்தான் குடுத்தார். இதோ படத்துலயே கை நீண்டிருக்குது பாருங்க."

சம்பத்குமார் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓவியத்தின் அருகே போனார். தமிழ்வேந்தனின் கை இலைகளைத் தாண்டி, பக்கத்தில் இருந்தவரையும் தாண்டி, தன்னை நோக்கி அப்பத்தை நீட்டியிருப்பதை இப்போதுதான் பார்த்தார். நடுவில் ஒரு கோடு தேவைப்பட்டது என்று வைஜயந்தி அதை வரைந்திருந்தாள்.

"முதல்லயா குடுத்தார்?"

"தன் கையால, தனியா தோய்ச்சுக் குடுத்தது அவருக்குத்தான் சார்."

"இந்தப் பக்கம் சாஞ்சுண்டு உட்காந்திருக்காரே, யோவானோ யாரோ, அவருக்கு?"

"அவருக்கு அப்படிக் குடுத்ததா எங்கயும் இல்லை சார்."

சம்பத்குமார் ஓவியத்தை இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றார். தீர்த்தத்துக்குக் கையைக் குவிக்கிற மாதிரி வலது கை தானாகக் குவிந்தது. பிறகு திரும்பினார்.

"விஜயராகவா, தட்டை எடுத்துண்டு போ."

"என்ன சொல்ற?"

"முதல் தீர்த்தத்தை நீயே வெச்சுக்கோ. முப்பத்தொண்ணாந்தேதியும் உனக்கு, ஒண்ணாந்தேதியும் உனக்கு. ரெட்டைப்படையும் வேணும்னா எடுத்துக்கோ. எனக்கு இங்க முதல் மரியாதை ஆயிடுத்து. கெட்டவன்னு தெரிஞ்சே குடுத்திருக்கார். இதுக்கு மேல எவன் கையால வாங்கி நான் என்ன பண்ணப்போறேன்?" என்று ஓவியத்தில் இருந்தவரைக் காட்டினார். அப்புறம், மரியாதை குறையக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, சமோசாவோடு நின்ற தமிழ்வேந்தனைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். அவன் பதறிப்போய் எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

விஜயராகவன் மாமா முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இனி தினமும் முதல் தீர்த்தம் தனக்கே என்ற சந்தோஷம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிரி வேண்டாம் என்று தள்ளிவிட்டதை வைத்துக்கொண்டு யாரிடம் பீற்றுவது? அவர் கண் ஓவியத்தில் நீண்டிருந்த அந்தக் கையிலேயே இருந்தது. கிளம்பும்போது வைஜயந்தியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஆயில் பெயிண்டெல்லாம் அழிச்சுத் திருப்பி எழுதலாமோல்லியோ?"

"எதுக்கு மாமா?"

"என்னை அந்த யூதாஸ் இடத்துல உட்கார வெச்சுட முடியுமான்னு பாரேன்."

அவர் தட்டோடு போய்க் காரில் ஏறினார். அப்பாவை அழைத்து வந்தவர் அழைத்துப் போகவில்லை. மாம்பழத்தையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

எனவே அப்பாவும் மகளும் திருப்பதி பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் அவர், மடியில் மஞ்சப்பை. அவளுக்கு அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. இந்தக் கோபம் இன்றைக்கோ நாளைக்கோ போகிற கோபம் இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. தீர்த்தத்தை விட்டுக்கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் அதைக்கூட இவர் இன்னொரு முதல் மரியாதை கிடைத்த தைரியத்தில்தானே விட்டார்? கிடைக்காமல் போயிருந்தால்?

"நிஜமாவே உனக்கு முன்னாடி தெரியாதா?" என்றார் சம்பத்குமார்.

"தெரியாது."

"அப்ப அந்த மூஞ்சி எப்படி வந்தது?"

"நான் எதையும் கற்பனை பண்ணலைப்பா. நீ அப்படித்தான் உட்காந்திருந்த. பாத்ததை எழுதினேன்."

அவர் அதைக் கேட்டுவிட்டு வெகு நேரம் எதிர்ச் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, அந்த மூன்றாவது ஞாயிற்றுக்குப் பிறகு முதல் முறையாக, அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார். கோயில் அப்பம். காலையில் அவளுக்கென்று வாங்கி வந்து, நடந்த கலவரத்தில் கொடுக்க மறந்தது. வழக்கமாக எந்தப் பிரசாதமானாலும் அவர் முதலில் ஒரு விள்ளல் எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கும். இன்றைக்கு முழு அப்பத்தையும் அப்படியே அவள் பக்கம் நீட்டினார்.

"முதல்ல உனக்கு" என்றார்.

கோபம் அப்படியேதான் இருந்தது. வைஜயந்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பாதியைப் பிட்டு அவருக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தாள். கொடுக்கவில்லை. பஸ் திருப்பதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளே முழுவதையும் தின்று முடித்தாள்.